உரிந்து வராத எழுத்து

என் மாமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதிரே யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்க்கும் முன் சட்டையைப் பார்ப்பார். அதில் படமோ எழுத்தோ அச்சடித்திருந்தால் அவருடைய வலது கட்டைவிரல் தானாக நீளும். எழுத்தின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுவார். பிறகு இரண்டு கையாலும் துணியை இழுத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார். "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் "வாங்க, எப்படி இருக்கீங்க?" பெண்கள் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தையின் காதில், "நீ போய்ச் சுரண்டிப் பாரேன்" என்பார். ஒருமுறை பஸ்ஸில் முன்னால் நின்றவரின் முதுகைச் சுரண்டப் போய், அவர் பிக்பாக்கெட் என்று கத்தி, வண்டியே நின்றுவிட்டது. என் பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையில் இருந்த எண் துவைத்துப் போகவில்லை, மாமா சுரண்டித்தான் போனது என்று அம்மா இன்றும் சொல்வாள்.

ஊரில் அவருக்கு நகம் என்றே பெயர். கடைக்கு நல்ல பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர் யாருமில்லை. "நகம் கடை எங்க இருக்கு?" என்றுதான் கேட்டு வருவார்கள்.

மாமா பயந்தவர். இதை எழுதும்போது குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று கை தயங்குகிறது. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேறு எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. லிஃப்டில் ஏறமாட்டார். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கமாட்டார். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று திரும்பி வருவார். அவர் வேலையோ முழுக்க முழுக்கச் சூட்டோடு. துணிமேல் எழுத்தை அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ்ஸின் பக்கத்தில், தூங்கும் நாயைத் தாண்டிப் போகிறவர் மாதிரிதான் போவார்.

"உலகத்துல இருக்கிற எல்லாத்துக்கும் பயப்படுவாரு. என் ஒருத்திக்குத்தான் பயப்படல" என்பாள் அத்தை.

"யாரு சொன்னா?" என்பார் மாமா, தலையைத் தூக்காமல்.

எல்லாவற்றையும்விட அவர் பயந்தது, அச்சடித்தது உரிந்து வந்துவிடுவதற்கு. இளவயதில் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் பட்டறையில் வேலை பார்த்தார். சட்டத்தில் கட்டிய வலைத்துணியின் மேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுப்பது அவர் வேலை. ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துக்கே சட்டை அடித்தார்கள். அவசரத்தில் மையைச் சரியாகச் சூடு காட்டி இறுக்கவில்லை. முதல் துவைப்பிலேயே படம் கழன்று வாளித் தண்ணீரில் மிதந்தது. பெற்றோர் எல்லாரும் வந்து சட்டைகளைப் பட்டறை வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். முதலாளி பட்டறையை மூடினார். "குவிஞ்சு கிடந்துச்சு பாப்பா. எல்லாச் சட்டையும் வெறும் சட்டையா" என்பார் மாமா என்னிடம். அந்தக் குவியல்தான் அவர் நகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

சொந்தக் கடை வைத்தபோது வீட்டின் முன்னறையையே கடையாக்கினார். ஒரு பக்கம் ஹீட் பிரஸ், நடுவில் நீள மேசை, ஜன்னலோரம் அத்தையின் எம்பிராய்டரி மெஷின். வருகிறவர்களிடம் மூன்று கேள்விதான் கேட்பார். எத்தனை சட்டை? எல்லாத்திலும் ஒரே எழுத்தா? எத்தனை தடவை துவைப்பீங்க? நிறையச் சட்டை, ஒரே படம் என்றால் ஸ்கிரீன் பிரிண்ட். ஒருமுறை சட்டம் தயார் செய்துவிட்டால் இழுத்துக்கொண்டே போகலாம். மையும் துணிக்குள் இறங்கி உட்காரும். ஓட்டல், ஆஸ்பத்திரி மாதிரி தினமும் கொதிக்கவைத்துத் துவைக்கிற இடம் என்றால் அத்தையிடம் தள்ளிவிடுவார். நூலில் தைத்தது துணி கிழிந்தாலும் கிழியாது. ஆனால் பெரிய எழுத்து ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள் அத்தை ஒரு சமையலே செய்துவிடுவாள். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி ஏற்றுகிற சப்ளிமேஷனில் சாயம் இழைக்குள்ளேயே போய்விடும், கையால் தடவினால்கூடத் தெரியாது. ஆனால் அது வெளிர்நிற பாலியஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும். வினைல் ஷீட்டை வெட்டி ஒட்டுவதும் உண்டு. அதற்கு மட்டும் மாமா கும்பிடு போட்டுவிடுவார். "நம்ம எழுத்துல எத்தன சுழி, எத்தன ஓட்டை! ஒரு 'ணை' வெட்டி எடுக்கறதுக்குள்ள என் உயிரு போயிடும்."

பிறகு டிடிஎஃப் என்ற புது முறை வந்தது. பட்டப்படிப்பு முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் தினமும் மாமா கடைக் கம்ப்யூட்டரில் எழுத்துகளை வரிசைப்படுத்திக் கொடுப்பேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைவைத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியாத நாட்கள் அவை. நான் எழுத்தைக் கம்ப்யூட்டரில் அமைப்பேன். பிரிண்டர் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒரு பிளாஸ்டிக் தாளில் அடிக்கும். ஈரம் காயும் முன் மாமா அதன்மேல் வெள்ளைப் பசைத்தூளைத் தூவி, உதறி, சூடு காட்டுவார். தூள் உருகி மையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி, ஆறவிட்டுத் தாளை உரித்தால் எழுத்து துணியில் நிற்கும். சட்டம் வேண்டாம், வெட்ட வேண்டாம், எந்தத் துணியாக இருந்தாலும் சரி. பத்துப் பேருக்குப் பத்துப் பெயர் என்றாலும் கவலையில்லை. முதல் சட்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மாமா என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நகம் வழுக்கிக்கொண்டு போனது.

"வரல பாப்பா. எங்கயும் வரல" என்றார்.

அந்த வருடமும் வழக்கம்போல் வார்ப்படக் கம்பெனியின் சட்டைகள் வந்தன. என் அப்பா அங்கே உலைப்பிரிவில் வேலை பார்த்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற இடம். அங்கே சத்தம் அதிகம், முழுப்பெயர் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். என்ன கேட்டாலும் "சும்மாதான்" என்பதால் அப்பாவுக்குப் பெயர் சும்மா. உருகிய இரும்பை நீளக்காம்புக் கரண்டியில் ஏந்திப் போய் அச்சில் ஊற்றுகிறவர் கரண்டி. பின்னாலிருந்து பார்த்தால் ஆள் தெரியவேண்டும் என்று சட்டை முதுகில் அந்தப் பெயரைப் பெரிதாகப் போடுவது கம்பெனி வழக்கம். முந்தைய தடவை வரை அதை அத்தைதான் தைத்தாள். பழைய சூப்பர்வைசர் பருத்தி நூலில்தான் தைக்கவேண்டும் என்று கறாராகச் சொல்வார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவருக்குப் பாலியஸ்டர் நூலின் பளபளப்பு பிடிக்காது போல என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை சூப்பர்வைசர் புதியவர். எம்பிராய்டரி மெஷினின் மோட்டார் வேறு ரிப்பேருக்குப் போயிருந்தது. "எதுல வேணாலும் போடுங்க, பேரு தூரத்துல இருந்து தெரியணும், அவ்வளவுதான்" என்றார் அவர். மாமா தன் மூன்று கேள்விகளைக் கேட்டார். ஒவ்வொரு சட்டையிலும் வேறு வேறு பெயர் என்பதால் ஸ்கிரீன் பிரிண்ட் ஒத்துவராது. டிடிஎஃப்தான் என்று முடிவானது. நான் எழுத்துகளைத் தடிமனாக அமைத்தேன். முதுகு நிறைய, பளிச்சென்று, சும்மா, கரண்டி, ஒல்லி. மாமா ஒவ்வொன்றையும் சுரண்டிப் பார்த்துத்தான் மடித்தார். அடுத்த வருடம் கம்பெனிச் சட்டைகள் முழுவதையும் எங்களிடம் தருவதாகச் சூப்பர்வைசர் சொன்னபோது மாமா பயந்ததுகூட எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் காலை, அத்தை மேசையில் கடைத் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவற்றில் நாங்கள் முன்னோட்டமாக அச்சடித்துப் பார்த்த சட்டை ஒன்றும் கலந்திருந்தது. கவனிக்காமல் எழுத்தின் மேலேயே இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டாள். தூக்கியபோது எழுத்தும் பெட்டியோடு சூயிங்கம் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

"இந்தாங்க, உங்க ஸ்டிக்கர் என் பெட்டியில குடிவந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அதை விரலால் பிய்த்தெடுக்கப் போனாள். அடுத்த நொடி அலறினாள். உருகிய எழுத்து விரல்நுனியைப் பிடித்துக்கொண்டது. உதறினாள், போகவில்லை. மாமா ஓடிவந்து அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். ஆறியதும் அதன் ஓரத்தில், பழக்கதோஷத்தில், நகத்தை வைத்தார். வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். எழுத்தை எடுத்தால் தோலும் சேர்ந்து வரும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

"விடுங்க, தானா விழும். என்னத்துக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் அத்தை. வலித்தது அவளுக்கு, வெளுத்தது மாமாவின் முகம்.

"முதுகு" என்றார் மாமா.

"என்ன முதுகு?"

"முன்னால தோல் ஏப்ரன் இருக்கு. முதுகுக்கு அந்தச் சட்டைதான். பாப்பா, கம்பெனியில எப்ப இரும்பு ஊத்துவாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலையிலிருந்து தெறிக்கிற பொறி பருத்தித் துணியில் விழுந்தால் கருகி ஓட்டை விழும், உதறிவிடலாம். முதுகு அகல பிளாஸ்டிக்கில் விழுந்தால்? பழைய சூப்பர்வைசர் ஏன் பருத்தி நூல் கேட்டார் என்பதற்கு அத்தையின் விரலே பதிலாக இருந்தது. எழுத்து சட்டையை விட்டு வருமா என்று மாமா ஆயுள் முழுக்கப் பயந்தார். ஆளை விட்டு வருமா என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சும்மா என்று என் கையால் அமைத்த அந்த எழுத்துகள் என் கண்முன் வந்து நின்றன. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊற்றுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது. சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை.

"நீ ஓட்டு, எனக்கு வேகம் வராது" என்று ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்தார் மாமா. வழக்கமாக என் பின்னால் உட்காரவே பயப்படுகிறவர், "வேகமா போ, இன்னும் வேகமா" என்றார். என் தோளைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் நகம் சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது. சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, "நேத்தே போட்டிருப்பாங்களா? போட்டிருந்தா நமக்குச் சேதி வந்திருக்கும்ல?" என்று கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் அதையே மறுபடி கேட்டார்.

கம்பெனி வாசலில் எங்கள் நல்ல நேரம், சூப்பர்வைசரே நின்றிருந்தார்.

"என்ன நகம், பில்லா? அதெல்லாம் மாசக் கடைசியில."

"பில் இல்லைங்க. சட்டையைத் திரும்ப எடுத்துக்கணும்."

"எதுக்கு? எல்லாரும் போட்டாச்சு. சூப்பரா இருக்குன்னு ஆளாளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் திரியறானுங்க. ஏன், துவைச்சா உரிஞ்சு வந்துடுமா?"

"வராதுங்க" என்றார் மாமா. "வராது. அதாங்க பயம்."

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. நான் அத்தையின் விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் கேட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "உலை தயாராயிடுச்சு. இப்ப நிறுத்தினா அவ்வளவு இரும்பும் உள்ளேயே இறுகும். அதுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

"நிறுத்த வேணாங்க. சட்டையை மட்டும் கழட்டச் சொல்லுங்க. பழசு எல்லார்கிட்டயும் இருக்கும்."

"அப்புறம் அடுத்த வருஷ ஆர்டரை மறந்துடு."

"மறந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு மாமா அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

உலைக்கூடத்தை நான் அதற்குமுன் வாசல் வரைதான் பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணிமை காய்ந்தது. சூப்பர்வைசர் எங்களை முந்திக்கொண்டு போய்க் கத்தினார். காதில் விழுந்தவர்கள் முணுமுணுத்தபடி சட்டையைக் கழற்றினார்கள். "புதுச் சட்டை ஒரு நாளாவது போட விடறாங்களா பாரு" என்றார் ஒல்லி. அப்பா தன்னுடையதைக் கழற்றி என்னிடம் வீசினார். "என்ன மச்சான், என்ன ஆச்சு?" என்றார் மாமாவிடம். மாமா தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டி ஏற்கெனவே ஏந்திவிட்டார். செக்கச்செவேலென்று தளும்பும் இரும்போடு அச்சு வரிசையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் கையை இனி இறக்க முடியாது. அவருக்குப் பின்னால், பழைய சட்டைக்கு மாறிவிட்ட இன்னொருவர் அடுத்த கரண்டியை ஏந்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை இரும்பு விழும்போதும் பொறி நாலாபக்கமும் பறந்தது. கரண்டியின் முதுகில் நான் அமைத்த எழுத்து அந்த வெளிச்சத்தில் ஈரமாக இருப்பதுபோல் மின்னியது.

மாமா ஆணியில் தொங்கிய ஒரு தோல் ஏப்ரனை எடுத்தார். அதைத் திரை மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கரண்டிக்கும் பின்னால் வந்த ஆளுக்கும் நடுவில் போய் நுழைந்தார்.

"யோவ், அது யாரு!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"அவன் கால்ல ரப்பர் செருப்பு! மச்சான், வெளிய வா!" என்றார் அப்பா. பக்கத்தில் ஓடினால் கரண்டி தடுமாறிவிடுவார் என்று எல்லோரும் அப்படியே நின்றோம். மாமா கரண்டியின் முதுகை ஒட்டி அடிமேல் அடிவைத்து நடந்தார். அவருடைய முழங்கால்கள் ஆடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஏப்ரனும் சேர்ந்து ஆடியது. பொறிகள் அதன்மேல் பட்டு உருண்டன. ஒன்று அவர் பாதத்தில் விழுந்திருக்கவேண்டும். கால் ஒருமுறை துள்ளியது. ஏப்ரன் இறங்கவில்லை. ஒரு அச்சு, அடுத்த அச்சு, அதற்கடுத்தது. கடைசி அச்சில்தான் கரண்டி காலியானது.

வெறுங்கரண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"நகம் அண்ணே! என் முதுகுக்குப் பின்னாடி என்ன பண்றீங்க? இங்க வந்தும் சுரண்டணுமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. "கழட்டுப்பா, முதல்ல கழட்டு" என்று வெளி முற்றத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார். கரண்டிக்கு அங்கே பழைய சட்டை இல்லை, அது கிழிந்து போயிருந்தது. வெறும் பனியனோடு நின்றார். மாமா அந்தச் சட்டையை வாங்கி, எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். நகம் வழுக்கவில்லை. மெழுகில் இறங்குவதுபோல் இறங்கியது, பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்தது. உலைக்குப் பக்கத்தில் நின்ற சூட்டுக்கே அப்படி. மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, சட்டையைத் திருப்பித் தருவீங்கல்ல?" என்றார் கரண்டி. "என் பொண்ணு இப்பதான் எழுத்து கூட்டிப் படிக்கிறா. இன்னிக்கு இதைப் போட்டுட்டு வர்றேன், படிச்சுக் காட்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"தரேன்" என்றார் மாமா. "நூல்ல போட்டுத் தரேன். என் கையால கொண்டுவந்து தரேன்."

தன் சட்டையைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு, பனியனோடு என் ஸ்கூட்டரில் ஏறினார். வீட்டு வாசலில் அத்தை கட்டுப்போட்ட விரலோடு நின்றிருந்தாள். அவர் கோலத்தைப் பார்த்து, "சட்டையை வாங்கப் போனீங்களா, கொடுக்கப் போனீங்களா?" என்றாள். பிறகு கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் உள்ளே போனாள்.

அடுத்த வருட ஆர்டர் சூப்பர்வைசர் சொன்னபடியே கையைவிட்டுப் போனது. மோட்டார் ரிப்பேராகி வந்ததும், அத்தை ஒவ்வொரு பெயராகப் பருத்தி நூலில் புதுச் சட்டைகளில் தைத்தாள். விரல் ஆறாததால் தாமதமானது. சும்மா தைத்து முடிந்தது, ஒல்லி முடிந்தது. கரண்டியின் சட்டையை எடுத்துக்கொண்டு மாமா போனபோது, அவர் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வேறொரு வார்ப்படக் கம்பெனி என்று மட்டும் சொன்னார்கள்.

அதன் பிறகு மாமாவின் மூன்று கேள்விகள் நான்காயின. எத்தனை சட்டை, ஒரே எழுத்தா, எத்தனை துவைப்பு, அப்புறம், "எவ்வளவு சூட்டுல நிப்பீங்க?" டிடிஎஃப்பை விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கடைகளுக்கும் அதுதான் நல்லது என்று அடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சுரண்டிப் பார்க்கும்போது "ம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவருக்கு வந்தது துணிச்சலா, அல்லது இருந்த பயங்களையெல்லாம் தின்றுவிட்ட பெரிய பயமா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியல பாப்பா. நடந்தேன்னுகூட உங்கப்பா சொல்லித்தான் தெரியும்" என்றார். துணிச்சல் என்பதைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆடிக்கொண்டிருந்த அந்த முழங்கால்களை அதில் எங்கே சேர்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வெளியூர் எங்கே போனாலும் கரண்டியின் சட்டையைப் பையில் வைத்துக்கொள்வார். போகிற ஊரில் வார்ப்படக் கம்பெனி இருந்தால் வாசலில் நின்று விசாரிப்பார். போன வருடம் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போது வேலைக்காக ஊர் ஊராகப் போவது நான். அத்தை ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டையைத் துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்துவிடுகிறாள். அது இன்னும் ஒருமுறைகூடத் துவைக்கப்படாத சட்டை. எழுத்துக் கூட்டிப் படித்த அந்தப் பெண் இந்நேரம் பெரிய புத்தகங்களே படிக்கத் தொடங்கியிருப்பாள். சட்டை என்னிடம்தான் இருக்கிறது.